ஒரு கணிப்பொறிக்குப் பல திரைகள்



மொழிபெயர்ப்பாளனுடைய மேசையில் எக்காலத்திலும் இரண்டு ஏடுகள் இருந்தே தீரும். இடப்புறம் மூலம்; வலப்புறம் பெயர்ப்பு. கண் இடமிருந்து வலம் சென்று, மறுபடி இடம் திரும்பி, விட்ட வரியைத் தொட்டுக்கொள்ளும். காகிதத்தில் எழுதிய நாளில் இதற்கெனத் தனி ஏற்பாடு எதுவும் தேவைப்படவில்லை. மேசை சற்று அகலமாக இருந்தால் போதும். கணிப்பொறி வந்தபின் மேசை சுருங்கிவிட்டது. ஒரே திரையில் மூலமும் பெயர்ப்பும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. ஒன்றைப் பார்க்கும்போது மற்றது மறைந்துபோகிறது.

மத்திய அரசில் மொழிபெயர்ப்பாளனாகப் பணிபுரியும் எனக்கு இதனால் நேர்ந்த பிழை ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன். வேலைவாய்ப்பு அறிவிப்பு ஒன்றை வீட்டில் அமர்ந்து தமிழாக்கிக்கொண்டிருந்தேன். அடுத்தடுத்த இரண்டு பத்திகள் ஒரே சொற்களில் தொடங்கின. மூலத்தை மறைத்துப் பெயர்ப்பைத் திறந்து, பெயர்ப்பை மறைத்து மூலத்தைத் திறந்து, இவ்வாறு நூறு முறை மாற்றிய களைப்பில் கண் ஒரு பத்தியைத் தாண்டிவிட்டது. தாண்டிய பத்தி எது தெரியுமா? மாற்றுத்திறனாளிகளுக்கு வயது வரம்பில் அளிக்கப்படும் சலுகை. அச்சுக்குப் போகுமுன் இளைய உதவியாளர் ஒருவர் கண்டுபிடித்துச் சொன்னார். சொல்லியிராவிட்டால், தமிழ் அறிவிப்பை மட்டும் படித்த ஒருவர், தமக்கு வயது கடந்துவிட்டதென்று விண்ணப்பிக்காமலே இருந்திருப்பார். அன்றிரவே இரண்டாவது திரை ஒன்று வேண்டும் என்று தீர்மானித்தேன்.

இந்தத் தேவை மொழிபெயர்ப்பாளனுக்கு மட்டும் உரியதன்று. மும்பையில் கணக்கெழுதும் அன்பர் ஒருபுறம் ரசீதுகளையும் மறுபுறம் பேரேட்டையும் பார்க்க விரும்புவார். பெங்களூரிலும் புணேயிலும் மென்பொருள் எழுதுவோர் பலர் இரண்டு மூன்று திரைகள் இல்லாமல் வேலையே தொடங்குவதில்லை. தில்லியில் படிக்கும் மாணவிக்கு ஒரு திரையில் ஆசிரியரின் வகுப்பும், மற்றொன்றில் தம் குறிப்பும் வேண்டியிருக்கும். ஆதலால் ஒரு மேசைக் கணிப்பொறியுடன் பல மானிட்டர்களை இணைப்பது எப்படி, இணைத்தும் ஒளி வராவிட்டால் எங்கே பார்ப்பது என்பதை இன்று விளக்க முயல்கிறேன். நான் கலைப்பிரிவில் பட்டம் பெற்றவன், பொறியாளன் அல்லன். என் அறியாமையால் நேர்ந்த தவறுகளே எனக்கு ஆசானாயின. ஆகவே என் தவறுகளின் வழியாகவே சொல்லிச் செல்கிறேன்.

ஒரு சொல் பற்றிய விளக்கம். இந்தப் பேச்சில் மானிட்டர், போர்ட், கேபிள், கிராஃபிக்ஸ் கார்டு என்னும் சொற்களை அப்படியே வழங்குகிறேன். தமிழாக்கத் தெரியாமலன்று. தில்லி நேரு பிளேஸிலும், மும்பை லாமிங்டன் ரோட்டிலும், பெங்களூர் எஸ்.பி. ரோட்டிலும், செகந்திராபாத் செனாய் டிரேட் சென்டரிலும் கடைக்காரருக்கு விளங்கும் சொற்கள் இவையே. நேயர்கள் நாளை கடையில் போய்க் கேட்கவேண்டிய சொல்லை நான் இன்று மறைத்துவைப்பது நியாயமாகாது.

முதலில் திரையில் படம் எவ்வாறு தோன்றுகிறது என்று பார்ப்போம்.

இன்று சாதாரணமாக விற்கும் மானிட்டரின் திரையில் குறுக்கே 1920 புள்ளிகளும் நெடுக்கே 1080 புள்ளிகளும் உள்ளன. பெருக்கிப் பார்த்தால் 20,73,600 புள்ளிகள். இத்தனை புள்ளிகளுக்கும் உரிய நிறத்தைக் கணிப்பொறி ஒருமுறை அனுப்பிவிட்டு ஓய்ந்துவிடுவதில்லை. விநாடிக்கு 60 முறை மீண்டும் மீண்டும் அனுப்புகிறது. அதாவது விநாடிக்கு 12 கோடியே 44 லட்சம் புள்ளிகளுக்குமேல் ஒரு கேபிளின் வழியே ஓடிக்கொண்டிருக்கின்றன. நாம் எழுத்தொன்றும் தட்டாமல் சிந்தித்துக்கொண்டிருக்கும்போதும் அந்த ஓட்டம் நிற்பதில்லை.

இவ்வோட்டத்தை உண்டாக்குவதுதான் கிராஃபிக்ஸ் கார்டின் வேலை. அதன் நினைவகத்தில் ஒவ்வொரு திரைக்கும் உரிய படம் தீட்டி வைக்கப்பட்டிருக்கிறது. அப்படத்தை வரிவரியாகப் படித்து, மானிட்டருக்கு விளங்கும் குறிகளாக்கி, பிசகாத கதியில் அனுப்புவதற்கென்று கார்டின் சில்லினுள் தனித்தனி உறுப்புகள் இருக்கின்றன. ஓர் உறுப்பு ஒரு நேரத்தில் ஒரு படத்தையே அனுப்பும். நாம் இரண்டு மானிட்டர்களில் வெவ்வேறு படங்களைப் பார்க்கவேண்டுமானால் இரண்டு உறுப்புகள் வேண்டும். மூன்றுக்கு மூன்று வேண்டும். இவற்றைப் 'படமனுப்பிகள்' என்று நம் வசதிக்காக அழைப்போம்.

வீட்டின் மாடியில் உள்ள நீர்த்தொட்டியை எண்ணிப் பாருங்கள். சுவரில் ஐந்து குழாய்கள் பதித்திருக்கலாம். ஆனால் தொட்டியிலிருந்து இறங்கும் கிளைகள் இரண்டே இருந்தால், ஒரே சமயத்தில் இரண்டு குழாய்களில்தான் நீர் வரும். கார்டின் முதுகில் தெரியும் போர்ட்கள் குழாய்கள். உள்ளேயிருக்கும் படமனுப்பிகள் கிளைகள். போர்ட்களின் எண்ணிக்கையும் மானிட்டர்களின் எண்ணிக்கையும் ஒன்றாகத்தான் இருக்கவேண்டும் என்னும் நியதி இல்லை. இந்தப் பேச்சில் நேயர்கள் நினைவில் வைக்கவேண்டியது ஒன்றே ஒன்றென்றால், அது இதுதான்.

இனி என் கதைக்கு வருகிறேன். பழைய கணிப்பொறி ஒன்றைக் கைமாற்றாக வாங்கியிருந்தேன். அதில் மூன்று போர்ட்கள் கொண்ட கிராஃபிக்ஸ் கார்டு இருந்தது. புது மானிட்டரை அதில் இணைத்து வேலை செய்துவந்தேன். பரணில் கிடந்த பழைய மானிட்டரை இறக்கி, துடைத்து, கைக்கு எட்டிய நீலநிறப் போர்ட்டில் செருகினேன். திரை கறுப்பாகவே இருந்தது. கடைக்காரர் ஒருவரிடம் தூக்கிச் சென்றேன். அவர் போட்டுப் பார்க்காமலேயே, "மானிட்டர் போய்விட்டது, புதிது வாங்குங்கள்" என்றார். வாங்கவும் துணிந்துவிட்டேன். நல்ல வேளையாக, அண்டை வீட்டில் பொறியியல் படிக்கும் பெண் வந்து பெட்டியின் பின்புறத்தை எட்டிப் பார்த்தாள். "மாமா, ஒன்றைக் கார்டில் செருகியிருக்கிறீர்கள், மற்றதை மதர்போர்டில் செருகியிருக்கிறீர்கள்" என்று சொல்லி, கேபிளைக் கழற்றி ஒரு சாண் கீழே மாற்றிச் செருகினாள். செத்துப்போனதாகச் சொல்லப்பட்ட மானிட்டர் ஒளிவிட்டது.

இதன் காரணம் எளியது. பல கணிப்பொறிகளில் படம் தீட்டும் வசதி இரண்டு இடங்களில் இருக்கும். ஒன்று மூளைச்சில்லான பிராசஸரோடு சேர்ந்தே பிறந்தது. அதன் போர்ட்கள் மதர்போர்டில், யு.எஸ்.பி. போர்ட்களின் அருகில் இருக்கும். மற்றது தனியாகச் செருகிய கிராஃபிக்ஸ் கார்டு. நிமிர்ந்து நிற்கும் பெட்டியில் அதன் போர்ட்கள் சற்றுக் கீழே, கிடைமட்டமான தகட்டில் இருக்கும். தனிக் கார்டைச் செருகியவுடன் பல கணிப்பொறிகள் முதலாவதைத் தாமாகவே நிறுத்திவிடுகின்றன. அப்போது மதர்போர்டின் போர்ட் வெறும் துளையே. சில பிராசஸர்களிலோ அவ்வசதி அறவே இல்லை. இன்டெல் பிராசஸரின் பெயர் 'எஃப்' என்னும் எழுத்தில் முடிந்தால் அதில் படம் தீட்டும் பகுதி கிடையாது. ஏ.எம்.டி. ரைசன் மேசைக் கணிப்பொறிப் பிராசஸர்களில் 5000 வரிசை வரையில் 'ஜி' என்னும் எழுத்து உள்ளவற்றில் மட்டுமே அது உண்டு; 2022இல் வெளிவந்த 7000 வரிசையிலிருந்து பெரும்பாலானவற்றில் சிறிய அளவில் சேர்க்கப்பட்டிருக்கிறது.

ஆகவே முதல் விதி இது: தனிக் கார்டு இருக்குமாயின், எல்லா மானிட்டர்களையும் அந்தக் கார்டிலேயே இணைக்கவேண்டும்.

இரண்டாவது மானிட்டர் தந்த இன்பத்தில் மூன்றாவதற்கும் ஆசை பிறந்தது. மூலத்துக்கு ஒன்று, பெயர்ப்புக்கு ஒன்று, அகராதிக்கு ஒன்று. கார்டில் இன்னும் ஒரு போர்ட் காலியாக இருந்ததே! இரவலாக ஒரு மானிட்டர் வாங்கிவந்து செருகினேன். கணிப்பொறி அதன் பெயரைக் கண்டுகொண்டது. ஆனால் படத்தைக் கொடுக்க மறுத்தது. மற்ற இரண்டில் ஒன்றை அணைத்தால் மூன்றாவது எரிந்தது. குழாய் மூன்று, கிளை இரண்டு என்னும் உண்மை அப்போதுதான் விளங்கிற்று.

பழைய கார்டுகளில் இது இயல்பு. என்விடியா நிறுவனத்தின் ஜீஃபோர்ஸ் கார்டுகள் 2012இல் கெப்ளர் என்னும் வகை வரும்வரையில், போர்ட் எத்தனை இருந்தாலும், ஒரு கார்டுக்கு இரண்டு மானிட்டர்களையே இயக்கின. அதன்பின் நான்கு வரை இயக்கும் கார்டுகள் வந்தன. ஏ.எம்.டி. நிறுவனம் 2009இலேயே ரேடியான் எச்.டி. 5000 வரிசையில் மூன்று மானிட்டர்களுக்கு வழி செய்தது; ஆனால் ஒரு நிபந்தனையுடன். மூன்றாவது மானிட்டர் டிஸ்ப்ளே போர்ட் வழியாகவே செல்லவேண்டும். அந்த நிபந்தனையின் காரணம் அறியத்தக்கது. அதற்குமுன் போர்ட்களின் வகைகளைத் தெரிந்துகொள்வோம்.

முதலாவது வி.ஜி.ஏ. 1987இல் ஐ.பி.எம். நிறுவனம் கொண்டுவந்தது. மூன்று வரிசையில் 15 ஊசிகள்; பெரும்பாலும் நீலநிறம்; இருபுறமும் திருகாணி. இரண்டாவது 1999இல் வந்த டி.வி.ஐ.; அகலமாகவும் பெரும்பாலும் வெண்மையாகவும் இருக்கும்; ஊசிகளுக்குப் பக்கத்தில் ஒரு தட்டையான பட்டை உண்டு. மூன்றாவது எச்.டி.எம்.ஐ. 2002ஆம் ஆண்டின் இறுதியில் இதன் முதல் வரையறை வெளியாயிற்று. நம் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியில் இருப்பதும் இதுவே. கீழ்மூலைகள் இரண்டும் உட்குவிந்திருக்கும். நான்காவது 2006இல் வெளியான டிஸ்ப்ளே போர்ட். பார்வைக்கு எச்.டி.எம்.ஐ. போலிருந்தாலும் ஒரு மூலை மட்டுமே வெட்டுப்பட்டிருக்கும். பல டிஸ்ப்ளே போர்ட் கேபிள்களில் கொக்கி உண்டு. கழற்றும்போது அதன் பொத்தானை அமுக்கிக்கொண்டே இழுக்கவேண்டும். அமுக்காமல் இழுத்துப் போர்ட்டையே சேதப்படுத்தியவர்கள் உண்டு.

முதல் மூன்று வகைகளிலும், புள்ளிகள் ஓடும் கதிக்கு ஏற்பத் தாளம் தட்டும் கடிகாரம் ஒன்றை ஒவ்வொரு மானிட்டருக்கும் கார்டே அளிக்கவேண்டும். பழைய கார்டுகளில் அத்தகைய கடிகாரங்கள் இரண்டே இருந்தன. டிஸ்ப்ளே போர்ட்டின் முறை வேறு. அது புள்ளிகளைச் சிறு சிறு பொட்டலங்களாகக் கட்டி, முன்னரே வகுத்த வேகத்தில் அனுப்புகிறது. பொட்டலத்தைப் பிரித்து உரிய கதியில் அடுக்குவது மானிட்டரின் பொறுப்பு. எனவே பல டிஸ்ப்ளே போர்ட்கள் ஒரே கடிகாரத்தைப் பகிர்ந்துகொள்ள முடிகிறது. மூன்றாவது மானிட்டருக்கு டிஸ்ப்ளே போர்ட் வேண்டும் என்று ஏ.எம்.டி. விதித்ததன் காரணம் இதுவே.

இதிலிருந்து கன்வெர்ட்டர் பற்றிய ஒரு நுட்பம் பிறக்கிறது. டிஸ்ப்ளே போர்ட்டிலிருந்து எச்.டி.எம்.ஐ.க்கு மாற்றும் கன்வெர்ட்டர்கள் கடைகளில் இரண்டு விதமாகக் கிடைக்கின்றன. விலை குறைந்த பாசிவ் வகை உண்மையில் குறிகளை மொழிபெயர்ப்பதில்லை, "நீயே எச்.டி.எம்.ஐ. மொழியில் பேசிவிடு" என்று கார்டுக்குச் சாடை காட்டுகிறது. கார்டும் அப்படியே பேசுகிறது; அதற்கு ஒரு கடிகாரமும் செலவாகிறது. விலை கூடிய ஆக்டிவ் வகையோ தன்னுள்ளே ஒரு சில்லை வைத்துக்கொண்டு தானே மொழிபெயர்க்கிறது. கார்டின் கடிகாரம் மிச்சமாகிறது. பழைய ரேடியான் கார்டில் மூன்றாவது திரைக்கு ஆக்டிவ் கன்வெர்ட்டர்தான் பயன்படும். பாசிவ் வாங்கினால் பணம் வீண். புதிய கார்டுகளில் சாதாரண அளவுள்ள மானிட்டருக்குப் பெரும்பாலும் பாசிவே போதும்.

இத்தகைய கன்வெர்ட்டர்களும் கேபிள்களும் பெரும்பாலும் ஒருவழிப் பாதைகள் என்பதையும் மறந்துவிடலாகாது. கார்டின் டிஸ்ப்ளே போர்ட்டிலிருந்து மானிட்டரின் எச்.டி.எம்.ஐ.க்குச் செல்லும் கேபிளைத் திருப்பி, கார்டின் எச்.டி.எம்.ஐ.யிலிருந்து மானிட்டரின் டிஸ்ப்ளே போர்ட்டுக்குப் போட்டால் படம் வராது. வாங்கும்போதே, "கார்டில் இது, மானிட்டரில் இது" என்று திசையைச் சொல்லிக் கேட்கவேண்டும். இன்னொன்று: வி.ஜி.ஏ. மட்டும் உள்ள பழைய மானிட்டரை வைத்திருப்போர் பலர். ஏ.எம்.டி. 2013 வாக்கிலும் என்விடியா 2016இலும் தங்கள் புதிய உயர்தரக் கார்டுகளில் வி.ஜி.ஏ. குறியை நிறுத்திவிட்டன. அத்தகைய கார்டோடு பழைய மானிட்டரை இணைக்க, எச்.டி.எம்.ஐ.யிலிருந்தோ டிஸ்ப்ளே போர்ட்டிலிருந்தோ வி.ஜி.ஏ.வாக்கும் கன்வெர்ட்டர் வேண்டும். சில்லுள்ள கன்வெர்ட்டராக இருந்தாலன்றி அது வேலை செய்யாது. டி.வி.ஐ.யிலும் பட்டையைச் சுற்றி நான்கு சிறு துளைகள் உள்ள போர்ட்டே வி.ஜி.ஏ. குறியைத் தரும், அத்துளைகள் இல்லாதது தராது.

என் மூன்றாவது தவறு ஸ்ப்ளிட்டர். "ஒரு எச்.டி.எம்.ஐ.யை இரண்டாக்கும் சாதனம்" என்று கடையில் சொல்லக் கேட்டு வாங்கினேன். மூன்று திரைகளும் எரிந்தன. ஆனால் இரண்டு திரைகளில் ஒரே படம்! ஸ்ப்ளிட்டர் என்பது நகல் எடுக்கும் கருவி. திருமண மண்டபத்தில் ஒரே காட்சியை நாலு தொலைக்காட்சிகளில் காட்ட அது ஏற்றது. மூலத்தை ஒன்றிலும் பெயர்ப்பை ஒன்றிலும் காட்ட அதனால் ஆகாது. கடைக்காரர் பொய் சொல்லவில்லை. நான்தான் கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்கவில்லை.

ஒரு போர்ட்டிலிருந்து மெய்யாகவே வெவ்வேறு படங்களைப் பிரிக்கும் சாதனமும் உண்டு. அதற்கு எம்.எஸ்.டி. ஹப் என்று பெயர். 2010இல் வெளியான டிஸ்ப்ளே போர்ட் 1.2 பதிப்பு இதற்கு வழி செய்தது. பொட்டலங்களாக அனுப்புவதால், ஒரே கேபிளில் பல மானிட்டர்களுக்கு உரிய பொட்டலங்களைக் கலந்து அனுப்பி, ஹப்பில் பிரித்துக்கொள்ளலாம். டிஸ்ப்ளே போர்ட் வெளிவாயிலும் உள்ள மானிட்டர்களாயின், ஹப் இல்லாமலே ஒன்றிலிருந்து ஒன்றாகச் சங்கிலிபோல் கோத்துவிடலாம். ஆயினும் படமனுப்பிகளின் மொத்த எண்ணிக்கை கூடிவிடாது. இரண்டை இயக்கும் கார்டு ஹப்பைப் போட்டாலும் இரண்டைத்தான் இயக்கும்.

அடுத்து, கேபிளின் கொள்ளளவு. 4கே என வழங்கும் மானிட்டரில் 3840க்கு 2160 புள்ளிகள். அதாவது சாதாரண மானிட்டரைப்போல் சரியாக நான்கு மடங்கு. எச்.டி.எம்.ஐ. 1.4 பதிப்பு உள்ள பழைய கார்டு இத்தனை புள்ளிகளை விநாடிக்கு 30 முறைதான் அனுப்பும். படம் தெரியும், ஆனால் மவுஸின் அம்பு தயங்கித் தயங்கி நகரும். 60 முறை வேண்டுமானால் 2013இல் வந்த எச்.டி.எம்.ஐ. 2.0 அல்லது டிஸ்ப்ளே போர்ட் 1.2 வேண்டும். எழுதவும் படிக்கவும் மட்டுமே திரை வேண்டுவோர் 4கே மானிட்டருக்கு ஆசைப்படுமுன் தம் கார்டின் போர்ட் எந்தப் பதிப்பு என்று பார்த்துக்கொள்வது நலம்.

"அப்படியானால் பெரிய கார்டு வாங்கவேண்டுமோ?" என்று அஞ்சவேண்டியதில்லை. ஒரு சாதாரணத் திரையின் படத்துக்குத் தேவையான நினைவகம், புள்ளிக்கு 4 பைட் வீதம், சுமார் 8 மெகாபைட். மூன்று திரைக்கும் 25 மெகாபைட் ஆகாது. எழுத்துவேலைக்கும் கணக்குவேலைக்கும் விளையாட்டுக்கார்டின் ஆற்றல் தேவையில்லை. எத்தனை மானிட்டர்களை ஒரே சமயத்தில் இயக்கும் என்பதொன்றே நாம் பார்க்கவேண்டியது. அது கார்டைச் செய்த நிறுவனத்தின் விவரப் பட்டியலில் தெளிவாகக் குறிக்கப்பட்டிருக்கும். வாங்கும்போது இன்னும் இரண்டைக் கவனிக்கவேண்டும். அலுவலகங்களில் கழித்துவிட்ட ஒல்லியான பெட்டிகளுக்குப் பாதி உயரமுள்ள கார்டே பொருந்தும். தனி மின்கம்பி கேட்காத கார்டு, செருகும் இடத்திலிருந்தே 75 வாட் வரையில் எடுத்துக்கொண்டு இயங்கிவிடும். அதுவே நமக்குப் போதும்.

நானோ புதுக் கார்டும் வாங்கவில்லை. என் மூன்றாவது திரை எவ்வாறு எரிந்தது என்பதைச் சொல்லவேண்டும். அந்தப் பெண்ணே மறுபடி வந்தாள். கணிப்பொறி துவங்கும்போது தோன்றும் பயாஸ் பக்கத்தைத் திறந்து, உறங்கிக்கொண்டிருந்த பிராசஸரின் படப்பகுதியை, தனிக் கார்டோடு சேர்ந்து இயங்குமாறு எழுப்பிவிட்டாள். இதற்குரிய சொற்கள் மதர்போர்டுக்கு மதர்போர்டு மாறும்; பெரும்பாலும் 'மல்டி மானிட்டர்' என்னும் பெயர் அதில் இருக்கும். கார்டில் இரண்டு மானிட்டர்கள், மதர்போர்டில் ஒன்று. முதல்நாள் நான் தவறாகச் செருகிய அதே நீலநிறப் போர்ட்டில் அதே பழைய மானிட்டர் எரிந்தது. இடம் தவறன்று, அவ்விடம் விழித்திருக்கிறதா என்று பாராததே தவறு.

இனி இணைக்கும் முறை. பெட்டியைத் திறந்து கார்டைச் செருகுவதாயின் கணிப்பொறியை அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கிவிட்டே கைவைக்கவேண்டும். கேபிளை மட்டும் மாற்றுவதாயின் எச்.டி.எம்.ஐ.யும் டிஸ்ப்ளே போர்ட்டும் ஓடிக்கொண்டிருக்கும்போதே செருகத்தக்கவை. செருகிய பின், விண்டோஸில் வெற்றுத் திரைமேல் மவுஸின் வலப்பொத்தானை அழுத்தி, 'டிஸ்ப்ளே செட்டிங்ஸ்' என்பதைத் திறக்கவேண்டும். 1, 2 என்று எண்ணிட்ட கட்டங்கள் தோன்றும். 'ஐடென்டிஃபை' என்பதை அழுத்தினால் ஒவ்வொரு மானிட்டரிலும் அதன் எண் பெரிதாகத் தெரியும். மேசையில் மானிட்டர்கள் உள்ள வரிசைப்படியே கட்டங்களை இழுத்து வைக்கவேண்டும். இல்லையேல் அம்பு இடப்புறம் போகவேண்டிய நேரத்தில் வலப்புறம் எகிறும். பின் 'எக்ஸ்டெண்ட்' என்பதைத் தேர்ந்தெடுக்கவேண்டும். 'டூப்ளிகேட்' என்பது நகல். அது நமக்கு வேண்டாம். விண்டோஸ் விசையுடன் 'பி' விசையை அழுத்தினாலும் இத்தேர்வு வரும். விண்டோஸ், ஷிஃப்ட் விசைகளுடன் அம்புக்குறி விசையைச் சேர்த்து அழுத்தினால் திறந்திருக்கும் சாளரம் அடுத்த திரைக்குத் தாவும்.

ஒரு மானிட்டர் கறுப்பாகவே இருந்தால் என்ன செய்வது? பின்வரும் வரிசையில் பாருங்கள். மானிட்டருக்கு மின்சாரம் வருகிறதா? மானிட்டரின் பொத்தானில், நாம் செருகிய போர்ட்டையே உள்வாயிலாகத் தேர்ந்திருக்கிறோமா? கேபிள் கார்டில் இருக்கிறதா, மதர்போர்டில் இருக்கிறதா? எரிகிற மானிட்டரின் கேபிளை இதற்கு மாற்றிப் போட்டால் எரிகிறதா? எரிந்தால் மானிட்டர் நலமே. குற்றம் கேபிளிலோ கன்வெர்ட்டரிலோ போர்ட்டிலோதான். மற்றொரு மானிட்டரை அணைத்ததும் இது எரிகிறதா? எரிந்தால் கார்டின் வரம்பு முடிந்துவிட்டது என்பது பொருள். கார்டின் டிரைவர் மென்பொருள் சரியாக நிறுவப்பட்டிருக்கிறதா? இவ்வளவும் பார்த்த பின்னரே கடைக்குப் போகவேண்டும். கணிப்பொறியின் பின்புறத்தைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு போனால், பேச்சுமொழி முழுதும் கைவராத ஊரிலும் கடைக்காரருக்கு எளிதில் விளக்கிவிடலாம்.

மேசையில் அடுக்குவதிலும் ஒரு முறை உண்டு. அதிகம் பார்க்கும் திரை முகத்துக்கு நேராக இருக்கட்டும். மற்றவை பக்கவாட்டில் சற்றே உள்நோக்கித் திரும்பியிருக்கட்டும். திரைகளின் மேல்விளிம்புகள் கண்மட்டத்துக்கு உயராமலும் ஒன்றுக்கொன்று ஏற்றத்தாழ்வில்லாமலும் இருந்தால் கழுத்து நோகாது. நீண்ட ஆவணம் படிப்போர், தாங்கி இடங்கொடுத்தால், ஒரு மானிட்டரை நெட்டுவாக்கில் திருப்பிவைத்து, செட்டிங்ஸில் 'போர்ட்ரெய்ட்' என்று மாற்றிக்கொள்ளலாம். ஒரு முழுப்பக்கம் அப்படியே கண்முன் நிற்கும்.

இப்போது என் மேசையில் இடப்புறத் திரையில் மூலம் நிற்கிறது, நடுவில் பெயர்ப்பு, வலப்புறத்துப் பழைய மானிட்டரில் அகராதி. பிழையே நேர்வதில்லை என்று சொல்லமாட்டேன். மனிதக் கண் மனிதக் கண்தான். ஆனால் ஒரு பத்தி விட்டுப்போனால் இரு திரைகளும் பக்கத்தில் பக்கமாக நின்று அதைக் காட்டிக்கொடுக்கின்றன. அந்த வயதுச் சலுகைப் பத்தியை எண்ணும்போதெல்லாம், பரணிலிருந்து இறங்கிவந்த அந்த மானிட்டரைக் கழித்துவிடாமல் வைத்தது நல்லதென்றே தோன்றுகிறது. நேயர்கள் வீட்டுப் பரணிலும் அப்படி ஒன்று இருக்கக்கூடும். போய்விட்டது என்று யாரேனும் சொன்னால், கேபிளை ஒருமுறை மாற்றிச் செருகிப் பாருங்கள்.